பெயருக்கு விட்ட இடம்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நலம். நீங்கள் மூன்று பேரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு துணிப்பை தைத்துத் தர வேண்டும். உயரம் ஆறு இஞ்ச், அகலம் நாலு. அடிப்பாகம் இரண்டு இஞ்ச் தட்டையாக இருக்கட்டும். உள்ளே வைப்பது நிமிர்ந்து நிற்க வேண்டும், சாயக் கூடாது. வாய் திறந்தே இருக்கலாம். ஜிப், பொத்தான், கொக்கி எதுவும் வேண்டாம். உடம்பில் பட்டால் உறுத்தாத துணியாகப் பார். தினமும் துவைத்தாலும் தாங்க வேண்டும். கழுத்தில் மாட்ட நீளமான வார், கூட்டிக் குறைக்கிற மாதிரி. பின்பக்கம் ஊக்கு போடுவதற்கு இரண்டு சின்ன வளையம்.

இருபத்திரண்டாம் தேதிக்குள் கைக்கு வந்தால் போதும்.

ஃபோன் செய்யாதே. ஃபோனில் நான் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் நீ ஒன்பது பேசிவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

இப்படிக்கு,
தங்கை

*

பிப்ரவரி 9

சுண்டு,

தங்கையாம் தங்கை! நான்கு வருடம் கழித்து ஒரு கடிதம், அதில் கையெழுத்து இப்படி. சுண்டு விரல் அளவுக்குப் பிறந்தவளைச் சுண்டு என்றே நான் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இனிமேல் மாற்ற முடியாது, கோபித்தாலும் பரவாயில்லை.

தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன இடத்திலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவை படித்தபோது வயிற்றெரிச்சலாக இருந்தது. நலமா என்று ஒரு வரி, மிச்சமெல்லாம் இஞ்ச். நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், எல்லாவற்றையும் நம்பராகத்தான் எழுதுவாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாவது தடவை படித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. உறுத்தாத துணி. பொத்தான் கூடாது. தினமும் துவைக்க வேண்டும். நிமிர்ந்து நிற்க வேண்டும், சாயக் கூடாது.

உடனே அலமாரி மேல்தட்டில் ஏறினேன். வாண்டு கைக்குழந்தையாக இருந்தபோது குடித்த பால் பாட்டில் ஒன்றை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. எடுத்து அளந்து பார்த்தேன். அரை இஞ்ச் தவிர நீ எழுதிய அளவேதான்!

சுண்டு, நான் கேட்கமாட்டேன். நீயாகச் சொல்லும்வரை வாயைத் திறக்கமாட்டேன். முப்பத்தெட்டு வயதெல்லாம் இந்தக் காலத்தில் ஒரு வயதா? நீ எதையும் தூக்காதே, பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே. (கேட்கமாட்டேன் என்றுதான் சொன்னேன், சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை.)

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு நான் சொன்னது உனக்கு எப்படித் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சோபா உறை தைக்கிற கடையின் முதலாளி வீட்டுக்கு வைத்திருந்த வெல்வெட்டை வாண்டு பொம்மைக்கு வெட்டிவிட்டாள், நான் மர ஸ்கேலால் அடித்தேன், நீ குறுக்கே வந்து ஸ்கேலைப் பிடுங்கினாய். அப்போதுதான் என் நாக்கு புரண்டது. "பெத்து வளத்துட்டு வந்து பேசு." பாதிச் சாப்பாட்டில் எழுந்து நீ போனாய். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், கொட்டும்போது தெரிய வேண்டும்.

இப்போது நீயே என்னிடம் பை கேட்கிறாய். அதுவும் இந்தப் பை. என்னை மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

முன்பக்கம் என்ன பெயர் போடட்டும்? இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் இடம் விட்டு வைக்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

பெயர் எதுவும் வேண்டாம். படம், பூ, லேஸ் எதுவும் வேண்டாம். வெறும் பை போதும்.

யாரிடமும் எதுவும் சொல்லாதே.

இரண்டு முறை எழுதிக் கிழித்த பிறகு எழுதுவது இது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். துணி அடர்ந்த நிறமாக இருந்தால் நல்லது.

தங்கை

*

பிப்ரவரி 17

சுண்டு,

பையைப் பார்சல் செய்தாயிற்று. இந்தக் கடிதம் அதற்குள்ளேதான் இருக்கிறது.

உன் கடிதம் வருவதற்குள் நான் பையின் முன்பக்கம் நூலால் ஒரு வாத்துப் போட்டு முடித்துவிட்டேன். பிரிக்க மனம் வரவில்லை. வாண்டு அதைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, ஷூவா?" என்று கேட்டாள். பத்து வருடமாகச் சோபா உறை தைக்கிறேன், நேர்க்கோடுதான் எனக்கு வரும். வாத்துக்கு வளைவு வேண்டும் என்பதை யோசிக்காமல் ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். உன் பிள்ளைக்கு இது ஷூ என்றே சொல்லிக்கொடு.

அடர்ந்த நிறம் கேட்டாய். அதையும் தாமதமாகக் கேட்டாய். துணி வெளிர்நீலம். வாத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருக்கிறேன், அது பெயருக்கான இடம். முடிவானதும் அனுப்பு, நான் போட்டுத் தருகிறேன். உள்பக்கம் வைத்த துணி என்னவென்று நான் சொல்லமாட்டேன், நீயே கண்டுபிடி.

இன்னொன்று. நீ ஆறு இஞ்ச் என்று எழுதினாய், நான் ஐந்தரைதான் வைத்திருக்கிறேன். நாலு என்றதை மூன்றரை ஆக்கினேன். அன்றைக்கு நீ கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போனபோது என் மர ஸ்கேல் உன் கையிலேயே போய்விட்டது. நுனியில் அரை இஞ்ச் உடைந்த ஸ்கேல் அது, எதையும் அரை இஞ்ச் கூட்டியே காட்டும். எனக்குத் தெரியும், பார்க்காமலே கழித்துக்கொள்வேன். உனக்குத் தெரியாது. நீ அதை வைத்துத்தான் அளந்திருப்பாய் என்று தோன்றியது. சரியா?

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். சுண்டு, என்னைத் திட்டாதே. கடையில் பஞ்சு அடைக்கிற அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னால் கடை முழுக்கச் சொன்ன மாதிரி.

அக்கா

*

மார்ச் 12

அக்கா,

சரி. அந்த ஸ்கேலால்தான் அளந்தேன். உடைந்தது எனக்குத் தெரியாது. நீ கழித்துத் தைத்தது கச்சிதமாகப் பொருந்தியது.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. அத்தான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்.

பிள்ளை இல்லை. இருந்ததும் இல்லை. பிப்ரவரி இருபத்து நான்காம் தேதி என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் நீர் ஊறும். அது உள்ளே தேங்காமல் இருக்க ஒரு குழாய் வைத்து, குழாயின் நுனியில் ஒரு பாட்டில் மாட்டுவார்கள். படுக்கும்போது, நடக்கும்போது, கழிவறைக்குப் போகும்போது அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு திரிய முடியாது. அதனால் முன்கூட்டியே ஒரு துணிப்பை தைத்து வைத்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் ஒரு காலிப் பாட்டிலை அளவுக்குக் கையில் கொடுத்தார். உன் ஸ்கேலை வைத்து அளந்தேன்.

உன் முதல் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை வீட்டுக்காரர் படித்தார். "உடனே எழுதிச் சொல்லிடு. பாவம், உங்க அக்கா" என்றார். "பத்து நாள் சந்தோஷமா இருக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றேன். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்று நினைத்தேன். இல்லை. எனக்கும் அந்தப் பத்து நாள் வேண்டியிருந்தது. உன் வீட்டில் மட்டுமாவது நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தேன். எதையும் தூக்காதே என்று யாரோ எனக்கு எழுதியிருந்தார்கள். அந்த வரியை மடித்து வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

வார்டில் பெண்கள் எல்லோரும் அந்த வாத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ராத்திரி டியூட்டி நர்ஸ், "என்னம்மா, கொழந்தைக்குத் தச்சதா?" என்று கேட்டார். "ஆமா, எங்க அக்கா தச்சா" என்றேன். பதினாறு நாள் அது என் கழுத்தில் தொங்கியது. பாட்டிலில் முதல் நாள் நூற்றிருபது மில்லி நீர், கடைசி நாள் பதினெட்டு. இப்போது குழாயை எடுத்துவிட்டார்கள்.

உள்துணியைக் கண்டுபிடித்துவிட்டேன். மஞ்சளில் வெள்ளைப் புள்ளி. என் சம்பளத்தில் வாண்டுவின் முதல் கவுனுக்கு நான் எடுத்த துணி. மிச்சத்தை நீ பதினோரு வருடமாக வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் குழாயின் இணைப்பில் கசிந்து அதில் கறை பட்டுவிட்டது. எவ்வளவு துவைத்தும் போகவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன்.

இன்னும் ஊசி மருந்து இருக்கிறது, ஆறு தவணை. இனி எனக்குப் பிள்ளை பற்றிப் பேச்சே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுண்டு

*

மார்ச் 16

சுண்டு,

உட்கார்ந்துதான் படித்தேன்.

இரண்டு நாளாக என் வாயிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. உன் அத்தானே பயந்துபோய்விட்டார். "எதாவது திட்டு, பரவாயில்ல" என்கிறார்.

அரை இஞ்ச் குறையும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கண்டுபிடித்தேன். அதற்குள் என்ன வைக்கப் போகிறாய் என்று கண்டுபிடிக்கவில்லை. உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஏன் தெரியுமா தோன்றவில்லை? எனக்கு உன் பிள்ளை வேண்டியிருந்தது. உனக்காக இல்லை, எனக்காக. நீ ஒன்றைப் பெற்றுவிட்டால் நான் சொன்ன சொல் செல்லாததாகிவிடும். அந்த அவசரத்தில்தான் ஒரு ஆஸ்பத்திரிப் பைக்கு வாத்துப் போட்டேன்.

கடையில் எல்லோரிடமும் சொன்னதை இல்லையென்று மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. பஞ்சு அடைக்கிற அக்கா நல்ல மெல்லிய துணியாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவந்து, "கொழந்தைக்கு மெத்த போட ஆகும், வச்சுக்கோ" என்று தினமும் ஒன்று கொடுக்கிறாள். இரண்டு நாள் வாங்கி வைத்துக்கொண்டேன். இன்று சொன்னேன். மத்தியானம் வரைக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் பங்குப் பஞ்சையும் சேர்த்து அடைத்தாள்.

இன்னொரு பை அனுப்புகிறேன். சாம்பல் நிறம், வாத்து இல்லை, ஒன்றும் இல்லை, நீ முதலில் கேட்ட மாதிரியே. அந்தப் பழைய பையைத் தூக்கிப் போட்டுவிடு. அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன்.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

வராதே. இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்துவிடும்.

நீ வந்தால் வாசலிலேயே அழ ஆரம்பிப்பாய். பிறகு நான் உனக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்ல வேண்டும். என் இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. உன்னைத் தேற்றுகிற தெம்பு என்னிடம் இல்லை. இன்னொன்று, உன் கண் முதலில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகிறது. உன் கண்ணும் போவதை நான் பார்க்க வேண்டாம்.

கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போகவில்லை. அந்த வார்த்தை இப்போது இன்னும் அதிகமாக வலிக்கிறது. முன்பு அது பொய்யாகிவிடும் என்று ஒரு ஓரத்தில் நம்பிக்கை இருந்தது. இப்போது இல்லை.

பிறகு ஏன் உன்னிடம் பை கேட்டேன் என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். இந்த ஊரில் தையல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. என் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். கத்தி வைக்கப் போகிறார்கள் என்றதும் உன் கையால் செய்த எதாவது ஒன்று என் மேல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. உன்னிடம் பேசாமல் அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நடக்கவில்லை.

பழைய பையைத் தூக்கிப் போடமாட்டேன். வாத்து இப்போது என்னுடையது.

எழுது. வராதே.

சுண்டு

*

ஜூலை 8

சுண்டு,

நான்காவது ஊசி முடிந்து காய்ச்சல் விட்டதா? கிரேன் ஓட்டுகிற உன் வீட்டுக்காரர் அதன் மேலே உட்கார்ந்துகொண்டே ஃபோனில், "பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க" என்றே சொல்கிறார். அவர் "பரவாயில்லை" என்று சொல்லச் சொல்ல நான் மறுபடியும் மறுபடியும் ஃபோன் போடுகிறேன். உன்னிடம்தானே பேசக் கூடாது, அவரிடம் பேசலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

நீ சாம்பல் பையில் மாத்திரையும் மூக்குக்கண்ணாடியும் வைத்திருக்கிறாய் என்று எழுதியது சந்தோஷம். வாத்துப் பையில் என்ன வைத்திருக்கிறாய் என்று எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றால் விடு.

வாண்டுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வயதாகிறது, கால்சட்டை வாங்கி மாதம் ஆகவில்லை, அதற்குள் கணுக்கால் தெரிகிறது. முழுவதும் கேட்டாள். பிறகு நான் அந்த வெல்வெட் கதையைச் சொல்லி, அன்றைக்கு ஸ்கேலால் அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். அவள் சாவகாசமாக என்னைப் பார்த்து, "எப்போ அடிச்சே? எனக்கு அது ஞாபகமே இல்ல. சித்தி போனதுதான் ஞாபகம் இருக்கு" என்றாள்.

அன்றைக்கு நீ தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தாளாம். நான்கு வருடமாக இதை என்னிடம் சொன்னதில்லை. நீ என்னை விட்டுப் போனாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை விட்டும் போயிருக்கிறாய், நான்தான் போக வைத்திருக்கிறேன்.

வரட்டுமா என்று கேட்கவில்லை. இந்தக் கடிதத்தில் அந்த வார்த்தையே இல்லை, பார்த்துக்கொள்.

அக்கா

*

ஆகஸ்ட் 2

அக்கா,

பார்த்தேன். "வரட்டுமா" என்று எழுதிவிட்டு அந்த வார்த்தையே இல்லை என்கிறாய். உனக்குச் சொல்லித் திருத்த முடியாது.

சிரித்தேன். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறது, இருந்தாலும் சிரித்தேன்.

வாத்துப் பைக்குள் இப்போது ஒன்றும் இல்லை. கட்டில் கம்பியில் மாட்டியிருக்கிறேன். வாண்டுவிடம் சொல், நானும் தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன் என்று. ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. வேண்டுமென்றேதான் போனேன், தெரியாமல் போகவில்லை. அதை அவளிடம் மறைக்க வேண்டாம்.

சுண்டு

*

அக்டோபர் 11

அக்கா,

கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

மருந்தை நிறுத்திவிட்டார்கள். நுரையீரலுக்கும் போயிருக்கிறது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நான் பத்தொன்பது வருடமாக மற்றவர்களுக்கு, "இந்தக் கண்ணுல இவ்வளவு கொறஞ்சிருக்கு" என்று வெளிச்சத்தில் வைத்துக் காட்டியவள். எனக்குப் புரிந்தது. "எவ்வளவு நாள்?" என்று கேட்டேன். "வலி இல்லாம பாத்துக்கலாம்மா" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை, ஆனால் பதில்தான்.

இதோடு வாத்துப் பையை அனுப்புகிறேன். வாண்டுவுக்கு.

பெயருக்கு நீ விட்ட இடம் எட்டு மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் பெண்கள் எல்லோரும், "பேர் போடலியா?" என்று கேட்பார்கள். முதலில் பிரித்து எடுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலைக் கூட எடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன்.

வாண்டு பிறந்த அன்று நீ மயக்கத்தில் இருந்தாய். வெளியே நான் மட்டும்தான் நின்றேன். அத்தான் மருந்து வாங்கப் போயிருந்தார். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுத்தார். "நீங்கதான் அம்மாவா?" என்று கேட்டார், வந்த அவசரத்தில். நான் இல்லை என்று சொல்லவில்லை. எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. அத்தான் வரும்வரை பதினேழு நிமிடம். அவள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உன்னுடையதைத் திருடி வைத்திருந்த மாதிரி இருந்தது.

"பெத்து வளத்துட்டு வந்து பேசு" என்றாய். பெறவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. பதினேழு நிமிடம் வைத்திருந்தேன். அவ்வளவுக்கு எனக்குப் பேச உரிமை உண்டு என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளையை ஸ்கேலால் அடிக்காதே, அக்கா. அன்றைக்கு நான் முடிக்காத வார்த்தை இதுதான். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அதனால் அந்த இடத்தில் அவள் பெயரைப் போட ஆரம்பித்தேன். நீ கூப்பிடுகிற பெயரைத்தான். வாசல் கதவுப் பக்கம் நாற்காலியைப் போட்டு, காலை வெயிலில் தினமும் கொஞ்சம் தைத்தேன். எனக்கு வலது கை மட்டும்தான் வேலை செய்கிறது, துணியை முழங்காலில் வைத்து இடது முழங்கையால் அழுத்திக்கொள்வேன். உன் வாத்தை வார்டில் எல்லோரும் கேலி செய்தது போல நீயும் இதைக் கேலி செய்யலாம். கடைசி எழுத்து மட்டும் முடியவில்லை. பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். நீ அதன் மேலேயே போட்டுவிடு. கோட்டுக்கு வெளியே போகாதே.

உள்ளே கறை இருக்கிறது. அவள் கேட்டால் சொல்லிவிடு.

கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

சுண்டு

*

அக்டோபர் 15

சுண்டு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் எழுத்தும் கோணலாகத்தான் இருக்கும், உன் எழுத்துக்குத் துணையாக. நானே கையில் கொண்டுவந்து கொடுப்பேன். நீ படித்து முடிக்கும்வரை உன் எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாசலில் அழமாட்டேன். அதற்குத்தான் இப்போதே, இந்த ஆறு மணி நேரத்திலேயே, அழுது முடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இருக்கையில் இருக்கிற அம்மாள் இரண்டு முறை தண்ணீர் கொடுத்துவிட்டார்.

வராதே என்று நீ எழுதிய கடிதம் என் பையிலேயே இருக்கிறது. ஏழு மாதம் உன் பேச்சைக் கேட்டேன். என் வாழ்க்கையிலேயே நான் யார் பேச்சையும் இவ்வளவு நாள் கேட்டதில்லை. இனிமேல் கேட்கமாட்டேன்.

திருடினாய் என்று எழுதியிருக்கிறாய். பதினேழு நிமிடம் என் பிள்ளை தனியாக இருக்கவில்லை என்பது எனக்குப் பதினோரு வருடம் கழித்துத்தான் தெரிகிறது. மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் கேட்டது, "யாரு வச்சிருந்தா?" என்றுதான். "எல்லாரும்தான்" என்றார் உன் அத்தான். அவருக்கு என்ன தெரியும்!

பார்சலைப் பிரித்ததும் கடைசி எழுத்தை முடிக்க ஊசியை எடுத்தேன். வாண்டு என் கையிலிருந்து பையைப் பிடுங்கிவிட்டாள். அன்றைக்கு நீ ஸ்கேலைப் பிடுங்கினாயே, அதே வேகம். "நீ தொடாத. அது சித்தி போட வேண்டியது" என்றாள். நான் ஊசியைக் கீழே வைத்தேன். கையை ஓங்கவில்லை.

இப்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். பை அவள் கழுத்தில் தொங்குகிறது. உள்ளே இருந்த கறையைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் விரலை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு உனக்காக எடுத்து வைத்திருந்த பிஸ்கட்டை அதற்குள் போட்டுக்கொண்டாள்.

பேருந்து நிலையத்துக்கு உன் வீட்டுக்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டு.

என் கண் எங்கே போகும் என்று பயப்படாதே. நான் உன் கையைத்தான் பார்ப்பேன். நூலை வெட்டி, ஊசியில் கோத்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவருகிறேன். நாளைக் காலை வெயில் வந்ததும் நாற்காலியை வாசல் கதவுப் பக்கம் போடுகிறேன். துணியை நான் இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன், நீ முழங்கையால் அழுத்த வேண்டாம்.

அந்தக் கடைசி எழுத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்த்தேன். உன் தையல் அளவுக்கு நாற்பது தையல் வரும், நெருக்கிப் போட்டால் ஐம்பது. நெருக்கியே போடு. ஒரு நாளைக்கு ஒரு தையல்தான். அதற்கு மேல் போட விடமாட்டேன்.

அக்கா